கூலி உயர்ந்தால் வேலை குறையுமா?

கூலியை உயர்த்தினால் வேலை குறைந்துபோம் என்னும் அச்சுறுத்தல், உயர்வு பேசப்படும் ஒவ்வொரு முறையும் முதலாளியர் வாயினின்று தவறாமல் எழுகின்றது. இராமநாதபுரக் கரையில் வைத்து அக்கூற்றை எடைபோடுதல் வேண்டும்.

மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் 1974-இல் தோன்றிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்கள் உள்ளன. தனியார் அளங்களும் உள. அளத்தைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டிற்கு ஓட எவராலும் இயலாது. பாத்தி மிதிக்கவும் உப்பு வாரவும் கைகள் வேண்டும். அக்கைகளுக்குரியார்க்கோ அவ்வறண்ட நிலத்தில் வேறு வேலை அரிது. எனவே கேட்ட கூலிக்கன்று, கொடுத்த கூலிக்கே உழைக்கின்றனர். இத்தகைய இடத்தில் உயரும் கூலி வேலையைத் தின்பதில்லை. முதலாளியின் மிச்சத்தையே சிறிது தின்னும். அமெரிக்காவின் நியூசெர்சியில் 1992-இல் ஒருமணிக் கூலி 4.25 தாலரிலிருந்து 5.05 தாலராக உயர்ந்தபோது, விரைவுணவுக் கடைகளில் வேலை குறையவில்லை என்று கார்டும் குரூகரும் அண்டை மாநிலத்தோடு ஒப்பிட்டுக் கண்டனர். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. வரம்பின்றி உயர்த்தின் ஆளுக்கு மாற்றாகப் பொறி வந்து நிற்கும் என்பது மெய்யே. அவ்வெல்லைக்கு இவ்வுப்பளக் கூலி இன்னும் நெடுந்தொலைவு நடக்க வேண்டும்!

உப்பளத்தில் வேலையைப் பறிப்பது கூலியன்று, மாரி. ஐப்பசி முதல் மார்கழி வரை பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்க, நாட்கூலி எவ்வளவு உயரினும் வேலையில்லா நாளில் அது சுழியே. மழைக்கால உதவியாக அரசு 2022-இல் வழங்கத் தொடங்கிய 5,000 உருபாவை மூன்று திங்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 57 உருபாவும் தேறாது.

இராமேசுவரத்து விசைப்படகில் செல்வோர்க்குப் பங்கே கூலி. எரிநெய்க்கும் பனிக்கட்டிக்கும் கழித்து எஞ்சியதில்தான் பங்கு; ஆண்டிற்கு 61 நாள் மீன்பிடித் தடையில் அதுவும் இல்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாறையில் பாசி பறிக்கும் பாம்பன் பெண்டிர்க்கோ வாணிகர் சொல்லும் எடைவிலையே எல்லாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலில் கண்ட தொழில்களையே காத்தது. 2019-இல் இயற்றி 2025 நவம்பரில் நடப்பிற்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் அப்பட்டியலை அகற்றியது. ஆயினும் கூலி கொடுப்பவர் ஒருவர் இன்றி அச்சட்டத்திற்கும் பிடிப்பில்லை. பாசிப் பெண்டிர் விற்பவராம், வேலையாளர் அல்லராம்!

உப்பளத் தொழிலாளர்க்கு மாரித் திங்களையும் சேர்த்து ஆண்டுக் கணக்கில் கூலி வரையறுத்தலும், பாசிக்குக் கீழெல்லை விலை வகுத்தலும் தமிழக அரசின் கடமை. உழைப்பாளர் அமைப்புகள் அடுத்த ஐப்பசிக்கு முன்னரே இவ்விரண்டையும் கோரி எழுதல் வேண்டும்.