பயிற்சி யாருக்கு?

தலித் ஊராட்சித் தலைவர் என்றாலே அதிகாரிகளுக்கு நினைவுக்கு வருவது 'திறன் வளர்ப்புப் பயிற்சி'தான். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்களே, நாற்காலியில் உட்காரும் திறன் அவருக்கு இல்லையா? 1997இல் மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்றவர்களுக்கு எந்த வகுப்பு எடுப்பது?

சட்டத்தைப் பாருங்கள், தோழர்களே. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவருக்குக் கிடையாது. அங்கே ஒரு ஆதிக்கச் சாதிக்காரர் உட்கார்ந்து பேனாவை மூடிவிட்டால் தெருவிளக்குக்கு பல்புகூட வாங்க முடியாது. பழி மட்டும் 'நிர்வாகம் தெரியாத' தலைவர் மேல். (மற்ற தலைவர்களெல்லாம் கணக்குப் படித்துவிட்டா வந்தார்கள்?)

காரணம் எழுதித் தராமல் கையெழுத்து மறுத்தால் அந்த அதிகாரம் உடனே பறிபோகும் என்று விதி செய்யுங்கள். வகுப்பை அப்புறம் நடத்தலாம்.