வெறுங்கையோடு வரும் பிள்ளை



வீட்டை விட்டுப் பயணம் புறப்படும் ஒருவருக்கு நாம் என்னென்ன எடுத்து வைக்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஹஜ்ஜுக்குச் செல்லும் பெரியவருக்கு இஹ்ராம் துணியிலிருந்து மருந்துப் பொட்டலம் வரை பார்த்துப் பார்த்து அடுக்குகிறோம். வளைகுடாவுக்குப் புறப்படும் மகனின் பெட்டியில் ஊறுகாய்ப் புட்டிக்கும் இட்லிப் பொடிக்கும் இடம் தேடுகிறோம். மதரஸாவில் ஓதச் சேரும் பத்து வயதுச் சிறுவன் கூட வெறுங்கையோடு வருவதில்லை. தகரப் பெட்டி, பூட்டு, சாவி, இரண்டு கைலி, தொப்பி, தலையணை, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு என ஒரு சிறு குடும்பமே அவனோடு வந்து இறங்குகிறது. முதல் இரவில் அழுகை வந்தால் அவன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பான். அதில் வீட்டு வாசனை இருக்கும். அழுதுகொண்டே உறங்கிவிடுவான்.

ஆனால் ஒரு பயணிக்கு மட்டும் யாரும் எதுவும் எடுத்து வைப்பதில்லை. எங்கே போகிறோம், எத்தனை நாள் தங்குவோம், யார் நம்மை எழுப்புவார்கள் என்று எதுவுமே தெரியாமல் புறப்படும் அந்தப் பயணி ஒரு குழந்தை. பெற்றோரை இழந்தோ, பெற்றோராலேயே துன்புறுத்தப்பட்டோ, பாதுகாப்பு இல்லத்திற்கோ வேறொரு குடும்பத்தின் பராமரிப்புக்கோ அழைத்துச் செல்லப்படும் குழந்தை. உடுத்திய துணியோடு வரும் பிள்ளைகள் உண்டு. மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பையில் இரண்டு துணியைச் சுருட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளும் உண்டு. இம்மாதம் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் வாசலில் நடந்தது

இது எங்கோ தொலைவில் நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். இக்கட்டுரையை எழுதும் வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி நகரம் கூப்பிடு தூரம். 2024 ஜூன் மாதம் அந்நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பந்தல்கள் போடப்பட்டதை நாடே கண்டது. அவ்வீடுகளில் தந்தையை இழந்த பிள்ளைகள் பலர். தாய் தந்தை இருவரையும் இழந்து நின்ற பிள்ளைகளும் இருந்தனர்.

அரசு அப்போது உதவிகளை அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தோருக்கு 3 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, படிப்புச் செலவு என்பன அவ்வறிவிப்பில் இருந்தன. நல்ல உதவிதான், மறுப்பதற்கில்லை. எனினும் வைப்புத்தொகை வங்கியில் இருக்கும். மாத உதவி அடுத்த மாதம் வரும். இன்று இரவு அந்தப் பிள்ளை எதைக் கட்டிக்கொண்டு உறங்கும்? இக்கேள்விக்கு விடை சொல்ல எந்த அலுவலகத்திலும் ஒரு மேசை கிடையாது. அது அக்கம்பக்கத்தாரின் வேலை, நம்முடைய வேலை.

மேற்கே தெரியும் கல்வராயன் மலையையும் சற்று நோக்குங்கள். பிழைப்புக்காகப் பெற்றோர் வெளியூர் செல்ல, பாட்டியின் பொறுப்பிலோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ வளரும் பிள்ளைகள் அம்மலைக் கிராமங்களில் உள்ளனர். மார்கழிப் பனியில் ஒரு கம்பளி என்பது அங்கே ஆடம்பரப் பொருளன்று.

சோறு மட்டும் போதுமா?

“இல்லத்தில் மூன்று வேளைச் சோறு போடுகிறார்கள், படுக்க இடம் தருகிறார்கள், அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பியால் ஆனது. ஆனால் அதில் பால் புட்டி இருந்தது. மற்றொன்று மென்மையான துணியால் மூடப்பட்டது. அதில் பால் இல்லை. குட்டிகள் பசித்தபோது மட்டும் கம்பித் தாயிடம் சென்று பால் குடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. அச்சம் நேர்ந்தபோதும் துணித் தாயிடமே ஓடின. அந்த ஆய்வு கொடுமையானது என்று பின்னாளில் பலர் கண்டித்தனர். ஆயினும் அது உணர்த்திய உண்மை பெரிது. பால் பசியைத் தீர்க்கும், பயத்தைத் தீர்க்காது.

வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-இல் வேறொன்றை எடுத்துரைத்தார். சில குழந்தைகள் ஒரு பழைய போர்வை நுனியையோ துணிப் பொம்மையையோ விடாமல் பிடித்திருப்பதை நாம் பிடிவாதம் என்கிறோம். அவரோ, தாய் அருகில் இல்லாத பொழுதைக் கடப்பதற்குக் குழந்தை தானே கட்டிக்கொள்ளும் பாலம் அது என்றார். நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்ல எந்த மருத்துவரும் வேண்டியதில்லை. பிரசவத்திற்குப் போகும் தாய், மூத்த பிள்ளை உறங்குவதற்குத் தன் பழைய சேலையை விட்டுச் செல்லும் வழக்கத்தை அறியாதவர் யார்?

நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் இத்தகைய பயணம் சென்ற குழந்தைதான். தந்தையைக் காணாமலே பிறந்தார்கள். ஆறு வயதில், ஊர் திரும்பும் வழியில், அப்வா என்ற இடத்தில் அன்னை ஆமினாவையும் இழந்தார்கள். அடக்கம் செய்த மண் காயும் முன்னே அச்சிறுவரின் கைபிடித்து மக்கா வரை அழைத்து வந்தவர் பணிப்பெண் உம்மு அய்மன். பின்னர் பாட்டனார் அப்துல் முத்தலிப். அவரும் இரண்டே ஆண்டுகளில் மறைய, பெரிய தந்தை அபூதாலிபின் இல்லம். ஆக, எட்டு வயதுக்குள் எத்தனை வீடுகள்! அபூதாலிபின் துணைவியார் ஃபாத்திமா பின்த் அஸத் தம் பிள்ளைகளுக்கு முன் தமக்கு ஊட்டியதை நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அவர் மறைந்தபோது தம் சட்டையையே கஃபன் துணியாகக் கொடுத்தனுப்பினார்கள் என்று அறிவிப்புகள் கூறுகின்றன. அநாதைப் பருவத்தில் பெற்ற அன்பு ஒரு மனிதர் நெஞ்சில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த சிட்டுக்குருவி இறந்தபோது, அந்தப் பிஞ்சு நெஞ்சின் துயரத்தை அற்பமென்று தள்ளாமல், அருகே சென்று குருவியைப் பற்றி விசாரித்தவர்கள் நம் நாயகம் (ஸல்). குழந்தையின் சிறு பொருள் குழந்தைக்குச் சிறிதன்று என்ற பாடம் அதில் இருக்கிறது.

பிற நாடுகளில் ஒரு நற்பணி

அமெரிக்காவில் ராப் ஷீர் என்பவர் இளமையில் தம் உடைமைகளைக் குப்பைப் பையில் சுமந்து வளர்ப்பு இல்லம் சென்றவர். பல்லாண்டு கழித்து அவரும் அவர் குடும்பத்தாரும் வளர்க்க ஏற்ற பிள்ளைகளும் அதே போன்ற குப்பைப் பையோடு வாசலில் வந்து நின்றனர். தம் காலத்து அவமானம் மாறவேயில்லை என்று மனம் நொந்த அவர், 2013-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஒரு முதுகுப்பையில் புதிய போர்வை, இரவு உடை, பல் துலக்கி, சோப்பு, பொம்மை, புத்தகம் ஆகியவற்றை அடுக்கிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது அதன் பணி. கலிபோர்னியாவில் 1998 முதலே இத்தகைய பணி நடக்கிறது. வட அயர்லாந்தில் 2015-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, ஒருவர் கடையில் ஒரு பை வாங்கினால் இல்லம் மாறும் குழந்தைக்கு மற்றொரு பை போகுமாறு ஏற்பாடு செய்துள்ளது. குப்பைப் பையில் துணியைச் சுமக்கும் பிள்ளை, தன்னையும் குப்பையாகவே எண்ணத் தொடங்கும். அந்த எண்ணத்தை முளையிலேயே கிள்ளுவதுதான் இவர்களின் நோக்கம்.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, காசு செலவில்லாதது. உங்கள் தெருவில் அப்படியொரு துயரம் நேர்ந்து ஒரு பிள்ளை வெளியேற நேரிட்டால், பெரியவர்கள் ஜனாஸா வேலைகளைப் பார்க்க, உங்களில் ஒருவர் அந்தப் பிள்ளையின் பொருள்களைச் சேகரியுங்கள். பள்ளிப் பை, பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, தாய் தந்தையின் ஒரு புகைப்படம், அது தினமும் தலை வைத்த தலையணை, அம்மாவின் ஒரு சேலை. அச்சேலையைத் துவைத்து விடாதீர்கள். புதுப் பொருள் எதுவும் அதற்கு ஈடாகாது. வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்கிறோம் என்று எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டால், பின்னர் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அவை கிடைக்கா.

இரண்டாவது, ஒன்றுமே இல்லாமல் வரும் பிள்ளைகளுக்குப் பை தயாரித்தல். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுவே குழந்தை எங்கே தங்குவது என்று தீர்மானிக்கிறது. ஆகவே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ, பதிவு பெற்ற இல்லத்தின் கண்காணிப்பாளரையோ முதலில் கண்டு, என்ன வயதுப் பிள்ளைகள் வருகின்றனர், எவையெவை அனுமதிக்கப்படும் என்று கேளுங்கள். பிறகு வயதுவாரியாகப் பைகளைத் தயாரித்து அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள். நள்ளிரவில் ஒரு குழந்தை வந்தாலும் அலமாரியில் ஒரு பை காத்திருக்கும்.

பையில் என்ன வைக்கலாம்? உறுதியான துணிப் பை, போர்வை, துண்டு, உள்ளாடை, ஒரு ஜோடி உடை, சீப்பு, எண்ணெய், பல் துலக்கி, சோப்பு, வரைய நோட்டும் வண்ணக் குச்சிகளும், சிறு பிள்ளைகளுக்குத் துணிப் பொம்மை, பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குத் துணிகள். எல்லாம் புதியவையாக இருக்கட்டும். தையல் இயந்திரம் உள்ள சகோதரிகள் வெட்டுத் துண்டுகளை இணைத்து மெத்தென்ற போர்வை தைக்கலாம். நாம் வேண்டாமென்று ஒதுக்கியதைப் பிள்ளைக்குக் கொடுத்து அதை ஸதகா என்று கணக்கெழுதுவது அழகன்று.

மூன்றாவது, ஓர் எச்சரிக்கை. பை பெறும் பிள்ளை முஸ்லிமா என்று கேட்காதீர்கள். வேறு சமயப் பிள்ளையின் பையில் நம் பிரசுரங்களை நுழைக்காதீர்கள். நம் பிள்ளையின் பையில் பிறர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? “அநாதைகளுக்கு அன்பளிப்பு” என்று பையின் மேல் அச்சிடாதீர்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கின்றனர். யாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். அத்தகைய குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது மேற்சொன்ன சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கோ உரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று கற்ற சமுதாயத்திற்கு விளம்பரம் எதற்கு?

பையைத் தாண்டி ஒரு படி

பையோடு நின்றுவிடாமல் வீட்டுக் கதவையே திறக்க வல்லவர்களும் நம்மில் உண்டு. தத்தெடுத்தால் பிள்ளையின் வம்சப் பெயர் மாறுமே என்ற தயக்கம் நம்மவரிடம் உள்ளது. பெற்ற தந்தையின் பெயராலேயே பிள்ளையை அழைக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. ஆனால் வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாடு வேறு. அதில் பிள்ளை தன் பெயரோடும் தன் தந்தையின் பெயரோடும் உங்கள் வீட்டில் வளர்கிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-ஆம் விதி, இஸ்லாமிய ‘கஃபாலா’ முறையைப் பெயர் சொல்லியே ஏற்றுள்ளது. இந்தியா 1992 டிசம்பரில் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. தகுதியுள்ள குடும்பத்தைக் குழந்தைகள் நலக் குழுவே தேர்ந்து குழந்தையை ஒப்படைக்கும். 2022-இல் வெளியான வாத்சல்யா திட்ட நெறிமுறைகள் இதற்கென மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வகுத்துள்ளன. குழு அறியாமல் கைமாற்றிப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும் சட்டச் சிக்கலில் முடியும். துன்பத்தில் ஒரு குழந்தையைக் கண்டால் 1098 என்ற இலவச எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

யத்தீமை ஆதரிப்பவர் சொர்க்கத்தில் தம்மோடு இரு விரல்கள் போல் அருகருகே இருப்பார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னார்கள். அந்த அருகாமைக்கு முதல் படி ஒரு துணிப் பையாகவும் இருக்கலாம். வரும் ரமளானுக்கு முன், உங்கள் மஹல்லாவில் பத்துக் குடும்பங்கள் கூடிப் பத்துப் பைகள் தைக்க முடியாதா? அதில் ஒன்றை உங்கள் பிள்ளையின் கையாலேயே அடுக்கச் சொல்லுங்கள். தனக்குப் பிடித்த வண்ணக் குச்சியை முகமறியாத ஒரு பிள்ளைக்காக அது எடுத்து வைக்கும்போது, நாம் மாதக்கணக்கில் போதித்தும் புகாத ஒன்று அதன் நெஞ்சில் தானே புகும்.

வெறுங்கையோடு வரும் எந்தப் பிள்ளையும் நம் ஊர் எல்லையில் வெறுங்கையோடு உறங்காதிருக்க வல்ல நாயன் நமக்குத் துணை செய்வானாக. ஆமீன்.