பரீட்சை வேண்டும், பகற்கொள்ளை வேண்டாம்!

சென்ற வாரம் நமது சங்க அலுவலகத்துக்கு ஒரு நூற்பு மில் தொழிலாளி வந்தார். அவருடைய மகன் ரஷ்யாவில் டாக்டர் படிப்பை முடித்துத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. தகப்பனாரின் பிராவிடண்டு பண்டுப் பணமும் தாயாரின் நகைகளும் அந்தப் படிப்பில் கரைந்துவிட்டன. "பட்டம் கையிலே இருக்கு தோழர். ஆனா ஒரு ஊசி போடக்கூட உரிமை இல்லேங்கிறாங்க. இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

வெளிநாட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம் நாட்டில் வைத்தியம் செய்ய முடியாது. 2001-ல் மருத்துவக் கவுன்சில் சட்டம் திருத்தப்பட்டது. 2002 முதல் இதற்கென்று ஒரு தனிப் பரீட்சை நடந்து வருகிறது. வருஷத்துக்கு இருமுறை நடக்கும் இந்தப் பரீட்சையில் 300 கேள்விகள். 150 கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. அதன் பிறகு இங்குள்ள ஆஸ்பத்திரியில் 12 மாதப் பயிற்சி. அதையும் முடித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிந்தால்தான் டாக்டராகத் தொழில் செய்யலாம். ஆனால் பெரும்பாலான தடவைகளில், பரீட்சை எழுதுவோரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தோற்றே போகிறார்கள்.

அப்படியானால் பரீட்சையை ஒழித்துவிடலாமா? கூடாது என்பதே நமது கருத்து. அரைகுறையாகப் படித்தவர் டாக்டராகிவிட்டால் அவர் கையில் சிக்குவது யார்? பணக்காரர்கள் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடுவார்கள். வயலில் பாம்பு கடித்த விவசாயத் தொழிலாளியும், பஞ்சுத் தூசியால் நெஞ்சடைத்துப்போன மில் தொழிலாளியும்தான் அவரிடம் போய் நிற்பார்கள். பாதிக்கப்படுவது நமது உடம்பு, நமது உயிர். இங்கே படித்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போகிற டாக்டர்களையும் அந்த நாடுகள் பொதுவாகப் பரீட்சை வைத்துத்தான் சேர்க்கின்றன. ஆகவே பரீட்சை இருக்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகள் கடல் கடந்து போகக் காரணம் என்ன? 2024-ல் 23 லட்சம் பேருக்கு மேல் நீட் எழுதினார்கள். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அதிலும் ஏறத்தாழப் பாதிதான் சர்க்கார் கல்லூரிகளில் இருந்தன. நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அதைவிடக் குறைந்த செலவில் ரஷ்யாவிலும் பிலிப்பைன்ஸிலும் படிக்கலாம் என்று தரகர் வந்து சொல்லும்போது, தொழிலாளி கடன் வாங்கியாவது மகனை அனுப்பிவிடுகிறார்.

ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1960-ல் சோவியத் சர்க்கார் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகத்தைத் தொடங்கியது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் பிள்ளைகள் அங்கே கட்டணமின்றி, உபகாரச் சம்பளமும் பெற்றுப் படித்தார்கள். 1991-ல் சோவியத் யூனியன் சிதைந்தது. கல்வி சந்தைச் சரக்காயிற்று. சந்தை வந்தால் தரகனும் வருவான் அல்லவா?

தரகன் கட்டணத்தைச் சொல்வான், விமான டிக்கெட்டைச் சொல்வான். விதிகளைச் சொல்ல மாட்டான். நாம் சொல்லுகிறோம். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவரும் நீட்டில் தேறியிருக்க வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி, படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. பாடமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். படித்த இடத்திலேயே 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக அங்கே வைத்தியம் செய்யும் உரிமையை அந்தப் பட்டம் தர வேண்டும். சேர்ந்த பத்து வருஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் போட்ட பணம் பாழ்.

இந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? அதைச் செய்ய மனமில்லாத சர்க்கார், மோசம் போன பின் பிள்ளையைப் பார்த்து, "உனக்குத் தகுதியில்லை" என்று சொல்வது என்ன தர்மம்?

பரீட்சையில் தேறியவர்களுக்கும் தொல்லை தீர்ந்தபாடில்லை. வெளிநாட்டில் படித்தோரிடம் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்தோருக்குச் சமமான உபகாரச் சம்பளம் தர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. ஆனால் பயிற்சியில் இரவும் பகலும் வார்டில் உழைத்தும் சம்பளம் கிடைக்கவில்லை என்ற முறையீடுகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. கூலியில்லா உழைப்பு மில்லில் நடந்தாலும் சுரண்டல்தான், ஆஸ்பத்திரியில் நடந்தாலும் சுரண்டல்தான்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: தரகர்களைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டு வர வேண்டும். பொய் சொல்லி ஆள் சேர்த்தவனிடமிருந்து பணத்தைத் திருப்பி வாங்கித் தர வேண்டும். பரீட்சையில் தோற்றவர்களுக்குச் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளிலேயே இலவசப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். பயிற்சி டாக்டர்கள் அனைவருக்கும் ஒரே சம்பளம் மாதந்தோறும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கார் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்க வேண்டும். வேரில் தண்ணீர் ஊற்றாமல் இலையைத் துடைத்துப் பயனில்லை.

நம்மைத் தேடி வந்த அந்தத் தோழருக்கு நாம் சொன்னதையே எல்லாத் தோழர்களுக்கும் சொல்லுகிறோம்: உங்கள் மகன் குற்றவாளியல்ல. அவன் மறுபடியும் பரீட்சை எழுதட்டும், தேறட்டும். தேறாமல் வைத்தியம் பார்க்க வேண்டாம். அவனிடம் வரப்போகிறவர்கள் நம்மவர்கள். ஆனால் அவனை அந்தரத்தில் நிறுத்திய கூட்டத்தைக் கேள்வி கேட்பது அவனுடைய வேலை மட்டுமல்ல. அது நமது சங்கங்களின் வேலை.