குளியலறைச் சுவரின் கரும்புள்ளிகள்

ஐப்பசி அடைமழை தொடங்கிப் பத்து நாள்கள் கழிந்ததும் கோபாலபுரத்து அடுக்ககங்களில் ஒரு குடும்ப வழக்கு எழுவதுண்டு. குளியலறைக் கூரையின் மூலையிலும், டைல்ஸ் இணைப்புகளிலும், கதவின் அடிப்புறத்திலும் கருமையும் பசுமையும் கலந்த புள்ளிகள் தோன்றுகின்றன. வீட்டிற்கு வரும் உறவினர் கண்ணில் அவை பட்டுவிட்டால், "இதைக் கழுவுவதே இல்லையா?" என்ற கேள்வி இல்லத்தரசியை நோக்கியோ மருமகளை நோக்கியோ பாய்கிறது. அவளும் கை நோகத் தேய்க்கிறாள். இரண்டு வாரங்களில் புள்ளிகள் திரும்பி வந்துவிடுகின்றன. இவ்வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவள் அவளல்லள் என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பூஞ்சணத்தின் நுண்வித்துகள் எங்கும் காற்றில் மிதந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றை வீட்டினுள் வராமல் தடுக்க எவராலும் இயலாது. சுவரில் படிந்த சோப்புப் பிசுக்கும், நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளும், மரமும், பெயிண்டும் அவற்றுக்கு உணவு. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் சோப்புப் பிசுக்கு இன்னும் தடிப்பாகவே படியும். எனினும் உணவு மட்டும் போதாது, ஈரம் வேண்டும். நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்ந்துவிடுமாயின் பூஞ்சணம் பெரும்பாலும் வேரூன்றுவதில்லை. ஆகவே குளியலறை எத்தனை முறை கழுவப்படுகிறது என்பதைவிட, எத்தனை விரைவில் உலர்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நாள்தோறும் இருமுறை வாளி வாளியாக நீரூற்றிக் கழுவிவிட்டுக் கதவை இறுகச் சாத்தி வைக்கும் வீட்டில்தான் பூஞ்சணம் செழிக்கிறது!

முன்னாளைய சென்னை வீடுகளில் குளியலறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் இருந்தது. அங்கேயே தவலையில் வெந்நீர் கொதித்தது. அடுப்பின் வெப்பமே அறையை உலர்த்திற்று. சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. அது ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விடக்கூடியது. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் பிழைக்காது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேரச் சேர அந்தக் காரம் குறைந்துவிடும். மழைக்காலம் ஓய்ந்ததும், கிறிஸ்மசுக்கோ பொங்கலுக்கோ முன்பாக வெள்ளையடித்தவர்கள், பண்டிகைக்காகச் செய்ததாகவே எண்ணினார்கள். எனினும் இழந்த காரத்தை ஆண்டுதோறும் சுவருக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தார்கள்.

கோபாலபுரத்தில் அத்தகைய தனி வீடுகள் நின்ற மனைகள் பலவற்றில் இன்று அடுக்ககங்கள் எழுந்துள்ளன. குளியலறை வீட்டின் நடுவே வந்துவிட்டது. அதன் வென்டிலேட்டர் வானத்தைப் பார்ப்பதில்லை. குழாய்கள் இறங்கும் இருண்ட இடுக்கைப் பார்க்கிறது. கொசுவுக்கு அஞ்சி அதையும் அடைத்துவிடுகின்றோம். கடற்கரையோ ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவு. மழைமாதங்களில் வெளிக்காற்றின் ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இத்தகைய அறையில் நால்வர் அடுத்தடுத்துக் குளித்தால் அது எப்படி உலரும்?

குறையைக் கட்டடத்தில் தேடாமல் மனிதரிடம் தேடுவது நம் ஊரில் மட்டும் நிகழ்வதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சூடான் நாட்டுக் குடும்பமொன்று வாடகைக்கு இருந்தது. சுவரில் பூஞ்சணம் படர்வதைத் தந்தை 2017இல் தெரிவித்தபோது, அதன்மேல் பெயிண்ட் அடித்துக்கொள்ளுமாறு கூறப்பட்டது. குடும்பத்தின் பழக்கவழக்கங்களே காரணமென வீட்டு வசதி நிறுவனம் ஊகித்துக்கொண்டது. பின்னர் அவ்வூகம் தவறென அதுவே ஒப்புக்கொண்டது. அவாப் இஷாக் என்ற அவர்களது மகன் 2020 டிசம்பரில், இரண்டு வயதில், மூச்சு நோயால் இறந்தான். நெடுநாள் பூஞ்சணத்தின் நடுவே வாழ்ந்ததே காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறிற்று. அச்சிறுவனின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபரில் அங்கு நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு கொடிய முடிவு அரிது என்பது உண்மை. ஆயினும் ஆஸ்துமா உள்ள குழந்தையோ, இளைப்பு நோயுள்ள முதியவரோ இருக்கும் வீட்டில் இப்புள்ளிகளை வெறும் அழகுக் குறையாகக் கருதலாகாது.

இனிச் செய்ய வேண்டியதைக் காண்போம். கடைசியாகக் குளிப்பவர் எவரோ, அவர் கணவராயினும் கல்லூரி செல்லும் மகனாயினும், வைப்பரால் சுவரையும் தரையையும் இழுத்துவிட்டு வெளியே வருதல் வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆயினும் நீரின் பெரும்பகுதி அப்போதே போய்விடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருப்பின் குளித்த பின்னும் இருபது நிமிடம் ஓடட்டும். ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமாயின் உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவுக்கும் தரைக்கும் இடையே முக்கால் அங்குல இடைவெளி இல்லாத அறையில் அது வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். ஃபேன் இல்லாதவர்கள் கதவை அகலத் திறந்து, அடுத்த அறையின் மின்விசிறியை ஓட விடலாம். ஈரத் துண்டையும் துவைத்த துணியையும் அங்கேயே தொங்கவிடும் பழக்கத்தைக் கைவிடுதல் நன்று. படுக்கையறையில் ஏ.சி. உள்ள வீடுகளில், அவ்வறைக்கும் குளியலறைக்கும் பொதுவான சுவர் குளிர்ந்து, நீராவி அதன்மேல் படிகிறது. அங்குத்தான் முதற்புள்ளி தோன்றுமாதலால் அச்சுவரைத் தனியே துடைத்தல் வேண்டும்.

வந்துவிட்ட பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் தட்டக்கூடாது; வித்துகள் வீடெங்கும் பரவும். முதலில் நனைத்துக்கொள்க. டைல்ஸ் பரப்பாயின், ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பூசி, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். கையுறை அணிக, கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தரும் என்பதால், வெளுத்தால் போதாது, தேய்த்து நீக்கவும் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையைச் சற்று உரக்கவே கூறுகின்றோம். கறை போக்க ஆசிட் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் மிகுதி. ஆசிட், இணைப்புகளிலுள்ள சிமெண்டை அரித்துத் துளையாக்கி, பூஞ்சணத்திற்கு ஆழமான குடியிருப்பை அமைத்துத் தருகிறது. அதைவிடப் பெருங்கேடு, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றுசேர்வது. அப்போது எழுவது குளோரின் வாயு. 1915இல் ஈப்பர் போர்க்களத்தில் வீரர்கள்மீது ஏவப்பட்ட அதே நச்சு வாயு. சன்னல் அடைத்த சிறு குளியலறையில் இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தவே வேண்டாம்.

இத்தனையும் செய்த பின்னும் ஒரே இடத்தில் கறை திரும்புமாயின், அது குளியலின் ஈரமன்று. எங்கிருந்தோ கசியும் ஈரம். லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் தோன்றும் பச்சை அல்லது சிவப்புக் கறையைக் குறித்த விதிமுறை உள்ளது. அது இக்காலப் பூஞ்சணமேயென்று அடித்துக்கூற இயலாதெனினும், வழிமுறை வியப்பூட்டுகிறது. வீட்டை ஒழித்து, குரு வந்து பார்த்து, ஏழு நாள் பூட்டி வைத்து, மீண்டும் வந்து பார்ப்பார். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். நாமும் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு ஏழு நாள் கழித்துப் பார்க்கலாமே! கறை வெண்மையாகப் பொரிந்து, நீர்த்துளி பட்டதும் கரைந்தால் அது உப்பு, பூஞ்சணமன்று. ஆனால் உப்புப் பூப்பதும் சுவருக்குள் நீர் ஓடுகிறது என்பதற்கே சாட்சி.

கசிவு மேல்வீட்டிலிருந்து என்ற ஐயம் எழுந்தவுடன் படியேறிச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. மேல்வீட்டார் இசைவுடன், அவர்களது குளியலறையின் நீர்போக்கியை அடைத்து, ஓர் அங்குல உயரம் நீரைத் தேக்கி, 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அவ்வளவு நேரமும் அங்கு எவரும் குழாயைத் திறக்கலாகாது. கீழ்க்கூரையில் ஈரம் விரிந்தால், பழுது அவர்களது தரையின் நீர்த்தடுப்புப் பூச்சிலோ, நீர்போக்கியின் விளிம்பிலோ உள்ளது. தேங்கிய நீர் அப்படியே நிற்க, கூரைக் கறை மட்டும் வளர்ந்தால், சுவருக்குள் புதைந்த குழாயைப் பிளம்பர் சோதிக்க வேண்டும்.