மூன்றாவது கப்பலுக்குத்தான் புள்ளி கொடுக்க வேண்டும்

கண்காட்சிக் காலம் வருகிறது. கடைகளில் பிரிஸ்டல் போர்டும் ரெஜிபோமும் முடிந்துபோகும் காலம். பிள்ளை தூங்கிய பிறகு உம்மாவும் வாப்பாவும் விழித்திருந்து ஒட்டும் காலமும் இதுதான். அதற்கு முன் பெற்றாரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒரு விடயம் கதைக்க விரும்புகிறோம்.

தரம் 8 பிள்ளைகள் சிலர் எங்களோடு சேர்ந்து கடதாசியில் ஒரு விண்கப்பல் செய்தார்கள். பெயர் டிஸ்கவரி. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் வியாழனுக்குப் போகும் கப்பல் அது. குப்ரிக்கோடு சேர்ந்து அந்தக் கதையை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் நமது நாட்டுக்கு வந்து குடியேறி, 2008இல் கொழும்பிலேயே காலமானவர். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தவர். ஆக, நமக்குச் சம்பந்தமில்லாத கப்பல் என்று அதைத் தள்ளிவிட முடியாது.

"இது பரீட்சைக்கு வருமா சேர்?" என்று கேட்டவர்கள் உண்டு. வரும். எப்படி என்று சொல்கிறோம்.

படப்பிடிப்புக்காகச் செய்த பெரிய மாதிரியின் நீளம் 54 அடி. அதன் முன்பக்க உருண்டையின் விட்டம் 6 அடி. விகிதம் 9:1. நமது உருண்டை 8 சென்ரிமீற்றர் என்றால் கப்பல் 72 சென்ரிமீற்றர். விகிதப் பாடத்தைக் கொப்பியில் செய்யும்போது தூங்கி வழியும் பிள்ளை, அடிமட்டத்தோடு எழுந்து நின்று அளந்தது.

அடுத்தது உருண்டை. தட்டையான கடதாசியைக் கசங்காமல் உருண்டையில் போர்த்த ஏலாது. கணித மேதை காவுஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை நிறுவிவிட்டார். அதனால் தோடம்பழச் சுளை போல இதழ் இதழாக வெட்டி ஒட்ட வேண்டும். 8 சென்ரிமீற்றர் உருண்டையின் சுற்றளவு ஏறத்தாழ 25.1. முதல் கப்பலில் 8 இதழ்கள், ஒவ்வொன்றின் நடு அகலம் 3.1. ஒட்டிப் பார்த்தால் பூசணிக்காய் மாதிரி மூலை மூலையாக நின்றது. இரண்டாவதில் 12 இதழ்கள், அகலம் 2.1, நீளம் 12.6. இப்போது உருண்டை உருண்டையாகவே தெரிந்தது. இதழின் வெட்டு விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்ததால், ஒட்டுவதற்கு முன் விளிம்புக்குச் சாம்பல் நிறப் பென்சில் பூச வேண்டும் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு முதுகெலும்பு. முதல் கப்பலின் நீண்ட நடுப்பகுதி இரண்டே நாளில் வளைந்து தொங்கியது. விரித்த தாள் வளையும், அதையே இறுக்கிச் சுருட்டினால் நிமிர்ந்து நிற்கும். பழைய பத்திரிகையைச் சுருட்டி உள்ளே வைத்து, மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசினார்கள். கப்பல் நிமிர்ந்தது. ஆனால் தாங்கியை நடுவில் வைத்ததும் மூக்குக் குத்தி விழுந்தது. முன்பக்க உருண்டைதான் பாரம். எந்த இடத்தில் வைத்தால் சமநிலையில் நிற்கும் என்று விரலில் வைத்துத் தேடினார்கள். விசையின் திருப்பத்தை இதைவிட நன்றாக எப்படிப் படிப்பிப்பது?

கப்பல் ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்வி கடைசியில் வந்தது. கதைப்படி அதன் பின்பக்கத்தில் அணுவுலை இருக்கிறது, ஆட்கள் முன்னால் உருண்டைக்குள். தூரம் இரண்டு மடங்கானால் ஓர் இடத்திலிருந்து பரவும் கதிர்வீச்சு நாலில் ஒன்றாகக் குறையும். நீளமே பாதுகாப்பு. இன்னொன்று: விண்வெளியில் காற்று இல்லாததால், அணுவுலையின் வெப்பத்தை வெளியேற்ற அகலமான தகடுகள் தேவை. முதலில் யோசித்த வடிவத்தில் அவை இருந்தன. பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்று படத்தில் விட்டுவிட்டார்கள். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "அப்ப நாங்க போடுவோமே" என்றாள். மூன்றாவது கப்பலில் தகடுகள் இருக்கின்றன. படத்தில் இருந்த கப்பலைவிட அந்த இடத்தில் அது சரியானது.

இந்தக் கப்பல் ஒரு கண்காட்சிக்குப் போனது. பக்கத்து மேசையில் கூலிக்குச் செய்வித்த எரிமலை, லைட் எரிந்தது, புகையும் வந்தது. அதற்குப் பரிசு. கப்பலைப் பார்த்தவர்கள் "பேப்பர்தானே" என்று கடந்துபோனார்கள். எரிமலைக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் புகை எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம், அதுக்கும் தெரிந்திருக்காது. தகடு போட்ட மாணவியின் உம்மா அன்று சொன்னார்: "இனி இவளுக்கு இதெல்லாம் வேணாம் சேர், டியூஷனுக்கு அனுப்புறோம்."

எங்களுக்கு வலிப்பது பரிசு போனதல்ல. ஒரு வேலையை மூன்று தரம் செய்து திருத்திய பிள்ளைக்கும், காசு கொடுத்து வாங்கி வந்த பிள்ளைக்கும் நாம் ஒரே நாளில் கொடுத்த பாடம்தான் வலிக்கிறது. முதலாவது பிள்ளை உழைப்பு வீண் என்று படித்தது. இரண்டாவது பிள்ளை காசு போதும் என்று படித்தது. இரண்டு பிள்ளைகளும் நம்முடைய பிள்ளைகள்தான். நாளைக்கு வீடு கட்டுவதும் மருந்து கொடுப்பதும் கணக்கு எழுதுவதும் இவர்கள்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றாருக்கு: பசை பூசாதீர்கள், பக்கத்தில் இருங்கள். கோணலாக வந்தால் கோணலாகவே போகட்டும். கட்டர் பாவிக்கும்போது மட்டும் கண் வையுங்கள். பழுதான முதல் மாதிரியைக் குப்பையில் போடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு: ஒப்படையோடு முதல் மாதிரியையும் கொண்டுவரச் சொல்வோம். எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்ற இரண்டு கேள்விக்கும் பாதிப் புள்ளியை ஒதுக்குவோம். கடையில் வாங்கியது அந்த இரண்டு கேள்வியில் தானாக விழுந்துவிடும்.

நடுவராக வருகிறவர்களுக்கு: மேசையைப் பார்த்துவிட்டுப் போகாமல், மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையோடு இரண்டு நிமிடம் கதையுங்கள்.

செலவு? பிரிஸ்டல் போர்டு, பசை, பழைய பத்திரிகை, ஒரு பென்சில். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே மேசையில் சரிசமமாக நிற்கக்கூடிய வேலை இது. கடதாசியை மட்டமாக நினைக்க வேண்டாம்.

அந்த உம்மாவிடம் நாங்கள் திரும்பவும் கதைக்கப் போகிறோம். இந்தப் பதிவை வாசிக்கும் நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஒப்படையை எடுத்துப் பார்த்து, "இதை எப்படிச் செஞ்ச?" என்று இன்றைக்கே ஒரு கேள்வி கேளுங்கள்.