பெயர் மாறினால் போதுமா? எஸ்.பி.ஆர்.எம். சொல்லும் பாடம்

அரசாங்கம் ஒரு கண்காணிப்பு அமைப்பைக் கலைச்சிட்டுப் புதுசா ஒண்ணு தொடங்குது. நீங்க எதைக் கவனிப்பீங்க? புதுப் பெயர், புதுச் சின்னம், புதுத் தலைவர். ஆனா முக்கியமான கேள்வி வேற: அங்கே வேலை பார்க்கப்போறவங்க யார்? அவங்களை இடமாற்றம் செய்யும் அதிகாரம் யார் கையில்?

2009இல் என்ன நடந்தது?

1967இல் தொடங்கிய பி.பி.ஆர். எனும் ஊழல் தடுப்பு நிறுவனத்துக்குப் பதிலாக, 2009 ஜனவரி 1ஆம் தேதி மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம், அதாவது எஸ்.பி.ஆர்.எம்., செயல்படத் தொடங்கியது. புதுச் சட்டம் வந்தது. ஆணையத்தையே கண்காணிக்க ஐந்து குழுக்கள் வந்தன.

ஆனால் பி.பி.ஆர். அதிகாரிகளே புதிய ஆணையத்திலும் தொடர்ந்தார்கள். அதன் கடைசித் தலைமை இயக்குநர் அகமட் சைட் ஹம்டான்தான் எஸ்.பி.ஆர்.எம்.மின் முதல் தலைமை ஆணையர்.

அது தவறா?

அப்படிச் சொல்லிட முடியாது. பாதியில் இருக்கும் விசாரணை, சாட்சிகள், கோப்புகள் எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பிட்டா, சந்தோஷப்படுறது விசாரிக்கப்படுறவங்கதான்! வேலையும் ஓய்வூதியமும் போயிடுமோங்கிற பயமும் ஊழியர்களுக்கு இருக்கக் கூடாது.

அப்போ சிக்கல் எங்கே?

அவர்கள் அரசாங்க ஊழியர்களாகவே நீடித்ததில். 2015 ஆகஸ்ட் மாதத்தை நினைச்சுப் பாருங்க. அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கின் கணக்கில் சேர்ந்த 2.6 பில்லியன் ரிங்கிட் பற்றி எஸ்.பி.ஆர்.எம். விசாரித்துக்கொண்டிருந்தது. திடீரென அதன் மூத்த அதிகாரிகள் இருவர் பிரதமர் துறைக்கே மாற்றப்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் அந்த உத்தரவு மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனாலும் மற்ற அதிகாரிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி போய்ச் சேர்ந்திடுச்சு, இல்லையா?

ஹாங்காங் என்ன செய்தது?

எஸ்.பி.ஆர்.எம்.முக்கு முன்மாதிரிகளில் ஒன்று, 1974இல் தொடங்கிய ஹாங்காங்கின் ஐ.சி.ஏ.சி. அதற்கு முன் ஊழலை விசாரித்தது போலீஸ் துறையே. புதிய அமைப்பும் தொடக்கத்தில் போலீஸ் அனுபவம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஐ.சி.ஏ.சி. பொதுச் சேவைக்கு வெளியே நின்றது. ஊழியர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில் அதற்கே வேலை செய்கிறார்கள். வேறு துறைக்குத் தூக்கிப்போட வழி குறைவு. அதே சமயம், ஒப்பந்த வேலையில் நிரந்தரப் பாதுகாப்பும் குறைவுதான்.

மலேசியாவிலும் எஸ்.பி.ஆர்.எம்.முக்குத் தனிச் சேவை ஆணையம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கு. ஆள் எடுப்பது, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதன் கையில் இருக்கணும் என்பதே நோக்கம்.

உங்களுக்கு ஏன் இது முக்கியம்?

நாளைக்கு நீங்க ஒரு புகார் கொடுத்தா, அதை விசாரிக்கும் அதிகாரி பயமில்லாம வேலை செய்யணும். அதனால அடுத்த முறை ஓர் அமைப்பு 'புதுசா' வரும்போது மூணு விஷயம் பாருங்க: ஊழியர்களை யார் நியமிக்கிறார்? யார் பதவி உயர்வு தருகிறார்? யார் மாற்ற முடியும்? மூன்றுக்கும் பழைய பதிலே வந்தா, மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான்.