மெக்கானிக்கை அளக்கும் கோல்

டாக்டரையும் வக்கீலையும் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைக் கார் மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பதில் பலர் காட்டுவதில்லை. பட்டறை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், ஆளைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார், இவ்வளவுதான் யோசனை. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டியை அந்த யோசனையின் பேரில் ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு ஏதாவது கோளாறு வந்துவிட்டால், "மெக்கானிக்குகளே இப்படித்தான்" என்று ஒரேயடியாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்.

இதனால் கார்க்காரர்கள் இன்று இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு, மாலையில் பில்லைக் கட்டிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்காமலே வண்டியை ஓட்டி வருவது ஒரு கட்சி. "யாரையும் நம்ப வேண்டாம், ஆயிலை நானே மாற்றிக்கொள்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய லுங்கியோடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டிலும் பாதி நியாயம்தான் உண்டு.

ஆயில் என்ன செய்கிறது?

என்ஜினுக்குள் உலோகப் பாகங்கள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கின்றன. அவை ஒன்றோடொன்று உரசாமல் இருப்பதற்குக் காரணம், நடுவே தலைமயிரைவிட மெல்லியதாக நிற்கும் ஆயில் படலம். அந்தப் படலம் உள்ளவரைதான் என்ஜினுக்கு ஆயுள். அத்துடன் ஆயில் சூட்டை வாங்கிக்கொள்கிறது, கரியையும் உலோகத் தூளையும் சுமந்துகொண்டு போய் பில்டரில் சேர்க்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது.

இத்தனை வேலை செய்யும் ஆயில் நாளடைவில் களைத்துப்போகிறது. சூட்டில் வெந்து, எரியாத பெட்ரோலும் நீராவியும் கலந்து, அதில் சேர்த்திருக்கும் ரசாயன மருந்துகள் தீர்ந்து, கடைசியில் தார் போன்ற கசடாகிவிடுகிறது. ஆயில் ஓடும் சிறு துவாரங்களைக் கசடு அடைத்துவிட்டால், அப்புறம் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அதைப் போலப் பல மடங்கு செலவை இழுத்து வைத்துவிடும்.

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்று கம்பெனிப் புத்தகம் கெடு வைக்கிறது. தூசியிலும் நெரிசலிலும் சிறு சிறு தூரமாக ஓடும் வண்டிக்குக் கெடு இன்னும் குறையும். இதில் இரண்டு கட்சிக்கும் தகராறு இல்லை. மாற்றுவது யார் என்பதில்தான் தகராறு.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

ஹோட்டல் சாம்பார் ஊசிப்போயிருந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும். தையற்காரர் அளவைத் தவறவிட்டால் சட்டையைப் போட்டதும் தெரிந்துவிடும். ஆயில் விஷயம் அப்படியில்லை. மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி அனுப்பினாலும் மறுநாள் காலை வண்டி கிளம்பும். மட்டமான ஆயிலை ஊற்றினாலும் கிளம்பும். குறை வெளியே தெரிவதற்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். அப்போது யாரைக் குற்றம் சொல்வது?

வாங்கிய பிறகும் தரம் தெரியாத இப்படிப்பட்ட சரக்குகளைப் பற்றி மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-ல் ஆராய்ந்து எழுதினார்கள். நோய் இன்னது என்று சொல்பவரே மருந்தையும் விற்பவராக இருந்தால், வாங்குகிறவர் என்ன செய்வார்? ரிப்பேர் தொழிலில் உள்ள சிக்கல் இதுவே.

இந்தச் சந்தேகம் புதியதும் அல்ல. 1941-ல் அமெரிக்காவில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. என்ஜினில் ஒரே ஓர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஊர் ஊராகப் போய் 347 பட்டறைகளில் வண்டியைக் காட்டினார்கள். 129 பட்டறைகளில் கோளாறை உடனே கண்டுபிடித்து ஒயரை மாட்டி, சொற்பக் கூலிக்கோ கூலியே இல்லாமலோ அனுப்பிவிட்டார்கள். மற்ற 218 பட்டறைகளில் கூடுதல் பில், வேண்டாத வேலை, செய்யாத வேலைக்குக் கூலி என்று ஏதோ ஒரு விதத்தில் ஏமாற்று வேலை நடந்தது.

"பார்த்தீர்களா?" என்று சொந்தமாக ஆயில் மாற்றும் கட்சி குதிக்கும். ஆனால் அதே கணக்கை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். வந்தவர்கள் முன்பின் தெரியாத வழிப்போக்கர்கள். திரும்பி வரப்போகிறவர்களும் அல்ல. அவர்களிடம்கூட மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பட்டறைகள் நேர்மையாக நடந்துகொண்டன. நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் காரியம். சோதனை நடத்தியவர்களால் அது எப்படி முடிந்தது? எந்த ஒயர் கழன்றிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

தானே மாற்றினால் என்ன?

ஆயில் மாற்றுவது பெரிய வித்தை அல்ல. அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடிக்க வேண்டும். பில்டரை மாற்ற வேண்டும். போல்ட்டை மாட்டிப் புது ஆயிலை ஊற்ற வேண்டும். சிறிய கார்களுக்கு மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும். பொறுமை உள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் சிறிய வேலையிலும் கண்ணிகள் உண்டு. வண்டியை வெறும் ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அடியில் நுழைவது உயிருக்கே உலை வைக்கும். உறுதியான ஸ்டாண்டு கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது. போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் வழியெல்லாம் ஆயில் ஒழுகும். "கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்" என்று ஊற்றுவதும் தவறு. சுழலும் தண்டு அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

எல்லாவற்றையும் சரியாகவே செய்து முடித்தாலும் வடித்த ஆயில் பாக்கி நிற்கிறது. அதை எங்கே கொட்டுவது? கண்மறைவாகச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு காரிலிருந்து ஒரு தடவை வடிக்கும் ஆயில், பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்லும் கணக்கு. கிணற்றையும் ஏரியையும் நம்பி வாழும் நாட்டில் இது லேசான விஷயமா? இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் பழைய ஆயிலை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. அது அடிக்கடி தோலில் படுவதும் கெடுதல். நீண்ட காலப் பழக்கத்தில் தோல் புற்றுநோய்க்கும் இடம் உண்டு. சொந்தக் கையால் ஆயில் மாற்றுகிறவர் பழைய ஆயிலை மூடிய டின்னில் அடைத்து, முறையாகச் சேகரிக்கும் இடத்தில் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அது முடியாதென்றால் அந்த வேலையில் இறங்காமல் இருப்பதே ஊருக்குச் செய்யும் உபகாரம்.

பெரிய வேலை வரும்போது?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஆயிலைச் சொந்தமாக மாற்றிவிடலாம்; பிரேக்கை? ஸ்டியரிங்கை? கிளட்ச் தேய்ந்தால், கியர்பாக்ஸ் முனகினால் என்ன செய்வது? அன்றைக்கு எப்படியும் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். பத்து வருஷமாக ஒரு மெக்கானிக்கையும் அண்டாமல் இருந்தவர், அவசர நாளில் முன்பின் தெரியாத பட்டறையில் போய் நிற்பார். சின்ன வேலையில் பழகாதவரிடம் பெரிய வேலையைக் கொடுப்பது, பெண் பார்க்காமலே முகூர்த்தம் வைப்பது மாதிரிதான்.

ஆகையால் ஆயில் மாற்றும் வேலையைச் சிக்கனமாகப் பார்ப்பதைவிடப் பரீட்சையாகப் பார்ப்பது புத்திசாலித்தனம். செலவு குறைவு, நேரம் குறைவு, தவறு நடந்தாலும் உடனே பார்த்தால் திருத்திவிடலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, ஒரு மெக்கானிக்கின் கையையும் மனத்தையும் ஆயில் மாற்றும் அரை மணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம்.

பரீட்சை எப்படி?

முதலில், எந்த ஆயில் என்பதைக் கார்க்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கம்பெனிப் புத்தகத்தில் '5டபிள்யூ-30' என்பது போல ஒரு குறி இருக்கும். முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். கெட்டியான ஆயில்தான் உசத்தி என்ற பழைய எண்ணம் இன்றைய என்ஜின்களுக்குப் பொருந்தாது. பி.எஸ்.6 டீசல் கார்கள் பலவற்றுக்குத் தனி வகை ஆயில் தேவை. டின்னின் சீல் எதிரிலேயே உடைபட வேண்டும்.

இரண்டாவது, பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்க வேண்டும். ஒளிவு மறைவு இல்லாதவர் நாற்காலி எடுத்துப் போடுவார். கழற்றிய பில்டரைக் காட்டுவார். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுவார்.

மூன்றாவது, வேலை முடிந்ததும் டிப்ஸ்டிக்கைக் கார்க்காரரே உருவிப் பார்க்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்து, கம்பியைத் துடைத்து மறுபடி செருகி எடுத்தால், இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். இந்தப் பழக்கம் மாதம் ஒரு முறை வீட்டிலும் தொடர வேண்டும். ஆயில் விளக்கு எரியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. ஆயில் அழுத்தம் விழுந்த பிறகு எரிவது அந்தச் சிவப்பு விளக்கு. ஓடும்போது அது எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும்.

நான்காவது, மெக்கானிக் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். "ஆயில் கறுத்துவிட்டது பாருங்கள்" என்று மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவரிடம் ஜாக்கிரதை. கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது ஆயிலின் கடமை. டீசல் என்ஜினில் புது ஆயில்கூடச் சீக்கிரம் கறுத்துவிடும். அதற்கு மாறாக, "பிரேக் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், இப்போது செலவு வேண்டாம்" என்று சொல்கிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது. தன் பையில் விழ வேண்டிய பணத்தைத் தானே தள்ளிவைக்கிறவரை வேறெந்தச் சோதனையும் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக, பில் கேட்டு வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். கம்பெனி உத்தரவாதம் உள்ள வரையில் அதன் நிபந்தனைப்படி நடப்பதே நல்லது. அதற்குப் பிறகு எங்கே கொடுப்பது என்பது கார்க்காரரின் உரிமை. உதிரிப் பாகங்களையும் தொழில் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனாலும், தெருமுனைப் பட்டறைக்கும் தொழில் செய்யும் நியாயம் உண்டு என்பது அந்த உத்தரவால் ஊரறியச் சொல்லப்பட்டது.

கூலியும் மரியாதையும்

மெக்கானிக்கின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஷோரூமில் நீட்டிய பில்லைப் பேசாமல் கட்டுகிறவர், மரத்தடிப் பட்டறையில் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி வாதாடுகிறார். மலிவான ஆயில் ஊற்றச் சொல்லிக் கேட்பதும் பல சமயம் கார்க்காரரே. கூலியைச் சுரண்டிவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? நல்ல வேலைக்கு நல்ல கூலி கொடுத்து, நாலு பேரிடம் சொல்லியும் அனுப்பினால், நேர்மை நஷ்டமான தொழில் அல்ல என்று அவருக்கும் தெரியும். பார்த்து நிற்பது அவமானம் என்று நல்ல மெக்கானிக் ஒருபோதும் நினைக்க மாட்டார். தன் வேலையின் அருமை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பது அவருக்குப் பெருமைதான்.

மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. அவற்றுக்கு என்ஜினும் இல்லை. என்ஜின் ஆயிலும் இல்லை. ஆனால் பிரேக் உண்டு, ஸ்டியரிங் உண்டு, பேட்டரி உண்டு. ஆயில் மாற்றும் வித்தை ஒரு நாள் பயனற்றுப் போகலாம். நல்ல ஆளை அறிந்து தேர்ந்தெடுக்கும் வித்தை பயனற்றுப் போகாது. கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் சோம்பல். கண்ணை மூடிக்கொண்டு சந்தேகிப்பதும் சோம்பல். ஸ்பானர் மெக்கானிக்கின் கையிலேயே இருக்கட்டும். டிப்ஸ்டிக் மட்டும் கார்க்காரர் கையில் இருக்கட்டும். அது ஆயிலை மட்டும் அளக்கும் கோல் அல்ல!